நூறு கிராம் அமலி

நம் காப்பித்தூள் கடைக் கவுண்டரில் நிற்கப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று முதலாளி கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். வேலையை விட்டு வீட்டில் நிம்மதியாக இருந்தவளை ஆட்டோ வைத்துக் கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தால் நாலு வார்த்தையோடு நிறுத்துவேனா? கேட்டுத்தான் ஆகவேண்டும். நடுவில் போனை நோண்டுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன். கொஞ்சம் நினைப்பேன்.

வருகிறவர்களின் வாய்க்கு ஏற்ற காப்பிக்கொட்டையை எப்படி அக்கா தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். கொட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பீபெரி உருண்டையாக இருக்கும், சீராக வறுபடும், வாசனை தூக்கும். பிளான்டேஷன் கொட்டைக்குச் சாந்தமான குணம். ரொபஸ்டா கசப்பும் கனமும் தரும், எவ்வளவு பால் ஊற்றினாலும் அடங்காது. சிக்கரி கொட்டையே இல்லை, வேர்; நிறத்துக்கும் கெட்டிக்கும் சேர்ப்பது. இளசாக வறுத்தால் புளிப்பு முன்னால் வரும், கருக வறுத்தால் கசப்பு முன்னால் வரும். இதையெல்லாம் கொஞ்ச நாளில் நீங்களே பிடித்துக்கொள்வீர்கள். எதிரில் நிற்கிற ஆள் பிடிபடத்தான் நாளாகும்.

விளாத்திகுளத்திலிருந்து ஒரு டீச்சரம்மா நம்மிடம்தான் தூள் வாங்குவார். ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் இங்கே இறங்கி வாங்கிக்கொண்டு போவார், ஒரு குறை சொன்னதில்லை. மாற்றலாகி இங்கே தூத்துக்குடிக்கே குடிவந்தார். வந்த வாரமே கடைக்கு வந்து, "நான் பக்கத்துல வந்ததும் தூள மாத்திட்டியளா?" என்று சண்டை. அப்போது கவுண்டரில் நின்ற பெண், "எங்க தூள் மாறாது மேடம்" என்று பதிலுக்கு நின்றாள். நான் நடுவில் போய், "எந்தத் தண்ணியில போடுதிய?" என்று கேட்டேன். வாடகை வீட்டில் போர் தண்ணீர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துப் போடச் சொன்னேன். அடுத்த முறை வந்து ஒன்றும் சொல்லாமல் கால் கிலோ கேட்டார். அதுதான் மன்னிப்பு, வேறு எதிர்பார்க்காதீர்கள்.

அதனால் முதலில் தண்ணீரைக் கேளுங்கள். அப்புறம் பாலைக் கேளுங்கள். அப்புறம் அந்த வீட்டில் முதல் டம்ளர் யாருக்கு என்று கேளுங்கள். முதல் டம்ளர் குடிக்கிறவர் வாய்க்குத்தான் தூள், மற்றவர்கள் பழகிக்கொள்வார்கள்.

இன்னொன்று. ஒரு வீட்டுக்கு எதை எவ்வளவு கலக்கிறோம் என்ற மிக்ஸை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது என்பது நம் கடை வழக்கம். சம்பந்தி வீட்டார் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம். இதென்ன ராணுவ ரகசியமா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு ஒருநாள் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கொரோனா இரண்டாம் தடவை வந்து அடங்கிய பிறகு, கடைக்கு ஒரு சோதனை வந்தது. ஆளுக்கு ஆள் தூளைத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். ரப்பர் கருகிய மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். பழைய வாடிக்கையாளர் ஒருவர் பாக்கெட்டைக் கவுண்டரில் விட்டெறிந்து, "தூள் குடுக்கியளா, இல்ல சாக்கடைய அள்ளிக் கட்டிக் குடுக்கியளா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. குடோனில் ஈரம் ஏறிக் கொட்டை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, இருந்த மூட்டைகளை எல்லாம் அள்ளிக் கொட்டச் சொல்லிவிட்டார். வறுவலில் கோளாறோ என்று அவர் வாய் தவறி ஒரு வார்த்தை விட்டதில், வறுவல் மிஷினில் நின்ற அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் ஏரல்காரர், வாழைத்தோட்ட ஊர்.

"நான் வறுத்ததுல நாத்தமா? அப்பம் எனக்கு இங்கன என்ன சோலி? ஊருல போயி வாழத்தாரு விக்கேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

நான் இருவரையும் பார்த்து, "செத்த நேரம் சும்மா இருங்க" என்றேன். திரும்பி வந்த பாக்கெட்டைப் பிரித்துக் காப்பி போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. நமக்கு மணக்கிற தூள் அவர்களுக்கு மட்டும் ஏன் நாறுகிறது என்று யோசித்துவிட்டு, அதற்குப் பிறகு புகாரோடு வந்த எல்லோரிடமும், "ஒங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டேன். ஒருவர் விடாமல் வந்தது என்றார்கள். அதில் ஒருவர் காது மூக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். காய்ச்சல் மூக்கு நரம்பைக் கெடுத்துவிட்டுப் போனது. அது திரும்ப வளர்கிற காலத்தில் நல்ல வாசனையெல்லாம் நாற்றமாகத் தெரியும். காப்பி, வெங்காயம் வதக்குவது, இதெல்லாம்தான் ரொம்பப் படுத்தும். பெரும்பாலும் சரியாகிவிடும், நாள் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னாராம். முதலாளிக்கு மூச்சு வந்தது. ஏரல் அண்ணாச்சி சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினார்.

இந்த நேரத்தில்தான் அமலி வந்தாள். கடற்கரைத் தெருப் பெண். புருஷன் ரீகன் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஒவ்வொரு தடவையும் நூறு கிராம்தான் வாங்குவாள், ஒவ்வொரு தடவையும் வேறு தூள். இன்றைக்கு பீபெரி, நாலு நாள் கழித்து சிக்கரி போட்டது, அப்புறம் சிக்கரி இல்லாதது. கவுண்டரில் இருந்த பிள்ளைகள் 'நூறு கிராம்' என்று அவளுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். "ஏளா, நூறு கிராம் வருது" என்று அவர்கள் சிரித்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. காரணம், நான் வேறொன்றைக் கவனித்திருந்தேன். நம் கடை வாசலுக்கு வருகிற யாரும் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் படி ஏறுவார்கள். இவள் படியே ஏறமாட்டாள். தெருவில் நின்று, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கையை மட்டும் நீட்டுவாள்.

ஒருநாள் நான் இறங்கிப் போனேன். "ஏளா அமலி, இன்னைக்கு ஒனக்குத் தூள் கெடையாது."

"ஏன்க்கா? சும்மாவா கேக்கேன்?"

"வாங்குன தூளெல்லாம் என்ன செஞ்ச?"

அவள் கையைப் பிடித்துப் பக்கத்து ஜவுளிக்கடைப் படியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து முதலில் காப்பி நாறியது. அப்புறம் தாளிப்பு. அப்புறம் ஒருநாள் குழந்தையை எடுத்துக் கொஞ்சப் போனால் குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"புள்ள தலைய மோந்தா எனக்கு ஓங்கரிக்கிக்கா. பெத்தவளுக்கு இப்படி வருமா? நான் என்ன சென்மம்?"

டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். இது உன் குணத்தில் வந்த கோளாறு இல்லை, மூக்கில் வந்த கோளாறு என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். கேட்டுக்கொண்டாள், நம்பினாளா தெரியாது. ரீகன் கப்பலிலிருந்து லீவில் வந்திருக்கிறானாம். அவன் பக்கத்தில் வந்தாலே மூச்சைப் பிடித்துக்கொள்கிறாளாம்.

"அவன்ட்ட சொல்லேன்ளா."

"எப்படிக்கா சொல்ல? மாசக்கணக்கா கடல்ல கெடந்துட்டு ஆசையா வந்த மனுசங்கிட்ட, ஒங்க மேல நாத்தம் அடிக்கின்னு சொல்லவா? அவிய லீவுல வந்தா காலைல குசினியில அடுப்புப் பக்கத்துல ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு காப்பி குடிப்போம். இப்பம் நான் டம்ளர எடுத்துக்கிட்டுப் பொறவாசல்ல போயி ஊத்திட்டு வாரேன். ஏதாவது ஒரு தூளு எனக்கு ஒத்து வந்துட்டா, மத்ததும் சரியாயிரும்னு ஒரு இது. அதான் ஒண்ணொண்ணா வாங்கிப் பாக்கேன்."

போகும்போது, மாதா மேல் சத்தியமாக ரீகனிடம் சொல்லக்கூடாது என்றாள். "ஒம் மாதா மேல நான் எதுக்குளா சத்தியம் பண்ணணும்? எங்க கடைக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு, அது போதும். நீ முதல்ல டாக்டரப் பாரு" என்று அனுப்பினேன்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வியாபாரம் என்று பார்த்தால் அவளுக்கு நூறு நூறாக விற்றுக்கொண்டே இருந்திருக்கலாம். தேடி வருகிறவளிடம் தூளை மாற்றி மாற்றிக் கொடுப்பது சுலபம். கோளாறு தூளில் இல்லை என்று தெரிந்த பிறகு கொடுக்கக்கூடாது. ஆனால் வெறுங்கையோடு விரட்டவும் கூடாது. புகார் சொன்னவர்களில் ஒருவர், கருக வறுத்ததுதான் அதிகம் நாறுகிறது, சூடு ஆறினால் கொஞ்சம் தேவலை என்று சொல்லியிருந்தார். அதை வைத்து ஏரல் அண்ணாச்சியிடம், பிளான்டேஷன் கொட்டையை நிறம் ஏறும் முன்பே இறக்கிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"இதுக்குப் பேரு வறுத்ததா தாயி? வெயில்ல காயப்போட்டாக்கூட இதவிட நெறம் வரும்" என்று திட்டினார். திட்டிக்கொண்டே இறக்கிக் கொடுத்தார்.

அதை அமலிக்குச் சொல்லி அனுப்பும் முன்னே, மறுநாள் காலைக் கூட்டத்தில் ரீகன் வந்து நின்றான். கையில் ஒரு பை. அதைக் கவுண்டரில் கவிழ்த்தான். பாதிப் பாதியாக நம் கடைப் பாக்கெட்டுகள்.

"அக்கா, இதெல்லாம் ஒங்க கடைத் தூளுதான? எங்க வீட்டுல குடிக்கது ஒரே தூளு. இம்புட்டையும் அலமாரிக்குப் பின்னால ஒளிச்சி வச்சிருக்கா. நான் பக்கத்துல போனா வெலகிப் போறா. இவ யாருக்குக் காப்பி போட்டுக் குடுக்கா? எனக்கு இப்பம் தெரிஞ்சாவணும்."

கூட்டம் அப்படியே திரும்பிப் பார்த்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, புருஷன் கப்பலில் இருக்கிற பெண்ணைப் பற்றி இந்த ஊரில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அது சாயங்காலத்துக்குள் தருவைகுளம் வரைக்கும் போய்விடும். அங்கேயே உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் 'உன் மேல்தான் நாற்றமாம்' என்று பத்துப் பேர் நடுவில் ஒரு புருஷனிடம் நான் சொல்வதா? அது அவள் சொல்லவேண்டிய வார்த்தை. தெரியாது என்று கையை விரிக்கவும் முடியாது. கடைக்காரி மழுப்புகிறாள் என்றால் சந்தேகம் இரண்டு மடங்காகும்.

எனக்குக் கோபம் வந்தது நல்லதாகப் போயிற்று. குரல் தானாக உயர்ந்தது. "ஏலே ரீகன், நல்லாக் கேட்டுக்கோ, நிக்கிற எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அம்புட்டுத் தூளும் அவ குடிக்கத்தான் வாங்குனா. வேற ஒரு ஆளுக்குக் கெடையாது. அதுக்கு நான் பொறுப்பு. ஏன் வாங்குனான்னு எனக்குத் தெரியும், ஒங்கிட்ட சொல்ல மாட்டேன். அத அவ வாயாலதான் நீ கேக்கணும். நாளைக்குக் கூட்டம் கொறஞ்ச பொறவு அவளையும் புள்ளையையும் கூட்டிட்டு வா."

வரிசையில் நின்ற ஒரு பெரிய மனுஷி, "அதான் சொல்லிட்டாள்லா, போப்பா" என்றாள். அவன் பையை எடுத்துக்கொண்டு போனான். நான் உடனே அமலிக்குப் போன் போட்டேன். "நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா நாளைக்கு நீ சொல்லியே ஆகணும்ளா. இல்லன்னா அவன் வேற எதையாவது நெனச்சிக்கிட்டுக் கப்பலேறிருவான்."

மறுநாள் வந்தார்கள். கடைக்குள் வரமாட்டாள் என்று பின்பக்க முற்றத்தில், காற்று வரும் இடத்தில் ஸ்டூல் போட்டு வைத்திருந்தேன். அவன் இடுப்பில் குழந்தை. இரண்டு டம்ளர் வைத்தேன். ஒன்றில் அவர்கள் வீட்டுத் தூள், சுடச்சுட. இன்னொன்றில் அண்ணாச்சி திட்டிக்கொண்டே வறுத்த இளங்கொட்டை, பால் இல்லாமல், நன்றாக ஆறவைத்தது.

ரீகன் முதல் டம்ளரை எடுத்துக் குடித்தான். "நல்லாத்தான இருக்கு" என்றான்.

"நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அமலி. துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தாள், குரல் அமுங்கி வந்தது. "எனக்குத்தான் நாறுது. காய்ச்சல் வந்ததுல இருந்து எம் மூக்கு கெட்டுப்போச்சு. காப்பி அழுகின வாடை அடிக்கி. தாளிச்சா அதே வாடை." அதோடு நிறுத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. "நீங்க பக்கத்துல வந்தாலும் அதே வாடைதான். அதான் வெலகிப் போறேன். ஒங்களப் புடிக்காம இல்ல."

அவன் சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தான். பாவம், வேறென்ன செய்வான்?

"சோப்பு வாடைதான அடிக்கி" என்றான்.

"ஒங்களுக்கு."

அவன் கண் மெல்ல இடுப்பில் இருந்த குழந்தை மேல் போனது. "புள்ளயுமா?" என்று கேட்டான்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. கத்துவானோ என்று நான் எழுந்துவிட்டேன். அவன் கத்தவில்லை. குழந்தையின் தலையைத் தன் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டான். பிறகு கேட்டான்: "ஏளா, இத்தன நாளா மூச்சப் புடிச்சிக்கிட்டா இவள வளத்த?"

அமலி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். ஏரல் அண்ணாச்சி மிஷினை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் மட்டும் எங்கே போவது? அங்கேயே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

அழுது முடிந்த பிறகு இரண்டாவது டம்ளரை அவளிடம் நீட்டினேன். பயந்து பயந்து ஒரு வாய் வைத்தாள். அண்ணாச்சியும் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லாயில்ல" என்றாள். அண்ணாச்சி முகம் சுருங்கியது. "ஆனா நாத்தம் இல்ல." இன்னொரு வாய் குடித்தாள். டம்ளர் காலியாகும் வரை குடித்தாள். அண்ணாச்சி உள்ளே போய், ஒரு காரணமும் இல்லாமல் மிஷினைத் திட்டினார்.

நாக்குக்குப் பிடித்த கொட்டை என்று பெரிதாகப் பேசுவோம். சில பேருக்கு, சில காலத்தில், தாங்க முடிகிற கொட்டை கிடைத்தால் போதும். அதையும் தேடிக் கொடுக்கிறதுதான் நம் வேலை. பிடித்ததா என்று மட்டும் கேட்காதீர்கள், குடிக்க முடிந்ததா என்றும் கேளுங்கள். இளங்கொட்டை என்று இன்றைக்கு நம் அலமாரியில் இருக்கிற தூள் அப்படி வந்ததுதான்.

லீவு முடிகிற வரை ரீகனே டாக்டரிடம் கூட்டிப்போனான். தினமும் கிராம்பு, எலுமிச்சை என்று நாலைந்து பொருளை, அதன் பழைய வாசனையை நினைத்து நினைத்து, மோந்து பார்க்கச் சொன்னார்களாம், மூக்குக்குப் பாடம் மாதிரி. அவன் கையில் வைத்து நீட்டுவான், அவள் மோந்து பார்ப்பாள். ஒன்றும் மாறவில்லை. அப்படியே விட்டுவிட்டுத்தான் கப்பலேறிப் போனான். அதற்குப் பிறகும் பல மாதம் அமலி வாசலில் நின்றுதான் இளங்கொட்டைத் தூள் வாங்கினாள். அப்புறம் எப்போதோ ஒரு படி ஏறி நிற்க ஆரம்பித்தாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் முற்பகல். நான் அவளுக்குத் தூள் எடை போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பில் இருந்த குழந்தை எதற்கோ சிணுங்கியது. அதன் காதில் ஏதோ சொல்லக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி குனிந்தாள்.

"அக்கா, இங்க வாங்களேன். இவ தலைல என்ன வாடை அடிக்கின்னு மோந்து பாத்துச் சொல்லுங்க."

கவுண்டருக்கு மேலே எக்கி மோந்து பார்த்தேன். "தேங்காண்ணெ."

"தேங்காண்ணெதான?"

"ஆமாளா, தேங்காண்ணெதான். பின்ன என்ன, பன்னீரா தேச்சி விட்டிருக்க?"

அவள் குழந்தையின் தலையில் மூக்கை வைத்து இழுத்தாள். உச்சியில், காதோரம், பிடரியில் என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். குழந்தை கூச்சத்தில் நெளிந்து, சிரித்து, அவள் முகத்தைத் தள்ளியது. பின்னால் வரிசை நின்றது. என் கண்ணீர் தூளில் விழுந்துவிடுமோ என்று பயந்து தராசை விட்டுத் தள்ளி நின்றேன்.

அங்கேயே நின்று ரீகனுக்கு வீடியோ கால் போட்டாள். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றது போலிருக்கிறது, எடுத்துவிட்டான். "ஏங்க, புள்ள தலைல தேங்காண்ணெ வாடை அடிக்கி" என்று கத்தினாள். கடை முழுக்கக் கேட்கும்படி அவன் குரல் வந்தது.

"அப்பம் நானு?"

அமலி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க வாங்க. மோந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."